மூடிக்கிடக்கும் ஆலையைப் பிரிக்கும்போது: நஞ்சு முதலில், இரும்பு பிறகு

பழைய ஆலையை விலைபேச வருகிறவரின் கண் முதலில் இரும்புக்குத்தான் போகும். பாய்லர் எத்தனை டன், கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டம் எத்தனை டன், தாமிரக் கம்பி எவ்வளவு தேறும் என்று மனக்கணக்குப் போட்டு மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி முடிப்பார். அடுத்த வாரமே கடப்பாறையோடு ஆள் இறங்கிவிடும். நீராவிக் குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு அவர்களுக்கு வெறும் இடைஞ்சல். தட்டி உதிர்த்துவிட்டுக் குழாயை எடுத்துப் போவார்கள். கூரைச் சீட்டைக் கயிறு கட்டி இழுத்துக் கீழே போடுவார்கள். ஆலை பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அடங்கிக் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் நார் அந்த ஒரு வாரத்தில் கிளம்பிப் பறந்துவிடும்.

ஆகவே தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையார், கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பழைய ஆலையைக் கையில் எடுக்கிறவர் முதலில் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரும்புக்கு ஒன்று, நஞ்சுக்கு ஒன்று. நஞ்சு வெளியேறி, காற்றுச் சோதனை முடிந்து, கையெழுத்தான பிறகே இரும்புக்காரருக்குச் சாவி. இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால் அவருக்கு லாபம் இரும்பில், செலவு ஆஸ்பெஸ்டாஸில். எதைச் சுருக்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கெங்கே இருக்கும்

கூரைச் சீட் எல்லோருக்கும் தெரியும். சிமெண்டில் பத்து சதவீதம் முன்னப்பின்ன வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. நார் சிமெண்டுக்குள் பிடிபட்டிருப்பதால் உடைக்காமல், அறுக்காமல், தேய்க்காமல் இருக்கிறவரை அது ஓரளவு சாது. உண்மையான ஆபத்து பாய்லர் அறையில் இருக்கிறது. பழைய நீராவிக் குழாய்களில் சூடு வெளியேறாமலிருக்கப் போட்ட மெக்னீசியா லேக்கிங் என்ற பூச்சில் 85 பங்கு மெக்னீசியம் கார்பனேட், மீதி 15 பங்கு ஆஸ்பெஸ்டாஸ். விரலால் நசுக்கினாலே மாவாகும். ஒரு ஷெட் கூரை முழுவதையும் கவனமாக இறக்குவதைவிட, பத்து மீட்டர் குழாயைக் காய்ந்தபடி சுரண்டுவது மோசம்.

பலர் தவறவிடுகிற இடங்களும் உண்டு. பாய்லர் கதவு ஓரத்துக் கயிறு, குழாய்கள் இணையும் ஃபிளேஞ்சு விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் கேஸ்கட், வால்வுத் தண்டில் சுற்றிய பேக்கிங், பாரந்தூக்கியின் பிரேக் லைனிங், பழைய மின்பலகையில் பொறி பறக்காமலிருக்க வைத்த தகடு, அடுப்பின் பின்புறத்து மில்போர்டு அட்டை, தரையில் புதைந்த ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) குழாய். லேக்கிங்கை மேலே துணி சுற்றி, பெயின்ட் அடித்து, அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்கள். தகடு புதுசாக இருக்கிறதென்று உள்ளிருப்பதும் புதுசு என்று எண்ண வேண்டாம். பழையதன் மேலேயே போர்த்துவதுதான் வழக்கம்.

நிறத்தை வைத்து வெள்ளை, பழுப்பு, நீலம் என்று ஆஸ்பெஸ்டாஸின் வகையைத் தீர்மானிக்க முடியாது. சூடும் தூசியும் எல்லாவற்றையும் சாம்பலாக்கியிருக்கும். ஆய்வகத்தில் துருவமுனைவு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஒரே மாதிரி தோன்றும் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 3 மாதிரி எடுங்கள். லேக்கிங்கை அவ்வப்போது ஒட்டுப்போட்டிருப்பார்கள் என்பதால் ஓர் இடத்தில் இல்லை என்றால் அடுத்த முழத்திலும் இல்லை என்று அர்த்தமில்லை. எடுக்கும் இடத்தை நனைத்து, மேல்பூச்சிலிருந்து உலோகம் வரை முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு எடுத்து, இரட்டைப் பையிலிட்டு எண் எழுதி, குழியை டேப்பால் மூடிவிடுங்கள். சோதிக்கப் பணமில்லை என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லாத மற்றவை

கூரையில் கைவைப்பதற்கு முன் உள்ளே நடந்து பார்த்து ஒரு பட்டியல் எழுத வேண்டும். மின்வாரியத்தில் எழுத்து மூலம் இணைப்பைத் துண்டித்து, அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய ஆலையிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குக் கம்பி இழுத்திருப்பது இங்கே அதிசயமில்லை.

டிரான்ஸ்பார்மர் எண்ணெயையும் பழைய கெபாசிட்டர்களையும் தொடாமல் ஒதுக்குங்கள். பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைபீனைல்) என்ற நச்சு இரசாயனம் கலந்த எண்ணெயாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் உத்தரவு பி.சி.பி. பயன்பாட்டை முற்றிலும் நிறுத்த 2025 டிசம்பர் 31ஐக் கெடுவாக வைத்தது. மாதிரியில் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் வந்தால் அது சாதாரணக் கழிவு எண்ணெய் இல்லை. பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்கடைக்காரர் அதைக் கேனில் பிடித்து வெல்டிங் டிரான்ஸ்பார்மருக்கு விற்றுவிடுவார், அங்கேதான் வினை தொடரும்.

டியூப்லைட், பாதரச விளக்கு, மானோமீட்டர் ஆகியவற்றை உடையாமல் மூடியுள்ள டிரம்மில் சேருங்கள். உப்பிய டிரம், அடியில் கசிந்து படிகம் பூத்த டிரம், பெயர் அழிந்த டிரம் எதையும் நகர்த்தாதீர்கள், மூடியைத் திறந்து முகராதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. கருவி வைத்து அளந்து ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும், ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகாமலும், எரிவாயு அதன் தீப்பற்றும் கீழெல்லையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே, மேலே ஒருவர் நிற்க, கயிற்றோடு இறங்கலாம். வண்டலைக் கிளறினால் அடங்கிய வாயு மறுபடி எழும். அளக்கும் கருவி இறங்குகிறவரின் இடுப்பிலேயே இருக்க வேண்டும்.

காகித ஆலை, சிமெண்ட் ஆலை போன்றவற்றில் மட்டம், தடிமன் அளக்கக் கதிரியக்க மூலம் வைத்த கருவி இருந்திருக்கலாம். மூவிலைக் குறியோடு ஓர் ஈயப்பெட்டி கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு போன கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது.

காற்றும் வெயிலும்

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை அறியாமல் இங்கே கூரை பிரிக்கத் தேதி குறிக்கக் கூடாது. ஆனி, ஆடியில் மேல்காற்று கணவாய்க்குள் புகுந்து தள்ளும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மூன்று சதுர மீட்டர் சீட்டைக் கையில் பிடித்திருக்கிறவருக்கு அது பாய்மரம் மாதிரி. காற்று திரும்பும் இடைக்காலங்கள்தான் நல்லது: பங்குனி, சித்திரையில் காலை வேளை, அல்லது மழை விட்ட ஐப்பசி நாட்கள். கூரை முகட்டில் ஒரு ரிப்பன் கட்டுங்கள், கையடக்கக் காற்றுமானியும் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் சீட்டைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு, கீழே பொட்டலம் கட்டும் வேலைக்கு ஆளை மாற்றுங்கள்.

சித்திரையில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். முழு உடுப்பும் முகமூடியும் போட்ட ஆள் அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் நிற்க மாட்டார். தாகம் தாங்காமல் முகமூடியைத் தூக்கி ஒரு மடக்குக் குடிப்பார். அந்த மடக்கோடு நாரும் உள்ளே போகும். காலை 6 மணிக்குத் தொடங்கி 11க்குள் முடியுங்கள். 45 நிமிடம் வேலை, பிறகு உடுப்பைக் களைந்து வெளியே வந்து நிழலில் 15 நிமிடம், மோர் அல்லது உப்புச்சர்க்கரைத் தண்ணீர். மறுபடி உள்ளே போக புது உடுப்பு வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து உடுப்பு என்று கணக்கிட்டு வாங்கினால்தான் இது நடக்கும். ஒன்று மட்டும் கொடுத்தால் அதையே பகல் முழுக்கப் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்கும் போவார்கள்.

வாளையார் காட்டோரத்து ஆலைகளில் இன்னொரு விஷயம்: விடியற்காலையில் வளாகத்துக்குள் யானை நிற்கலாம். வனத்துறையிடம் அன்றைய நடமாட்டம் கேட்டுக்கொண்டு கதவைத் திறங்கள். டிரஸ்ஸில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்பதையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கட்டிய கயிற்றோடு உயரத்தில் நிற்கிறவரால் தேனீயிடமிருந்து ஓட முடியாது.

என்ன அணிவது

துண்டைக் கட்டிக்கொள்வதும் துணி மாஸ்க்கும் நாரைத் தடுக்காது. கூரை வேலைக்குக் குறைந்தபட்சம் ஐ.எஸ். 9473 தர எஃப்.எஃப்.பி.3 முகமூடி, அதைவிட நல்லது பி3 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரைமுகக் கவசம். லேக்கிங் வேலைக்குக் காற்றூதியோடு கூடிய முழுமுகக் கவசம்தான். தாடி வைத்தவருக்கு இவை எதுவுமே பொருந்தாது, ஒரு நாள் முள்தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று புகும். கசப்புத் திரவத்தைத் தெளித்துப் பொருத்தச் சோதனை செய்து பாருங்கள்: கசப்பு தெரிந்தால் நாரும் நுழையும். தலைமூடியுள்ள, தூசி புகாத ஐந்தாம் வகை (டைப் 5) ஒருமுறை உடுப்பு, ஓட்டையில்லாத ரப்பர் பூட்ஸ், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப். லேஸ் கட்டிய ஷூ வேண்டாம், லேஸிலிருந்து நாரைக் கழுவி எடுக்க முடியாது.

கூரையை இறக்குவது

முதலில் உடனடி ஆபத்து. பத்து, இருபது வருடம் கழித்து நுரையீரலைத் தாக்கும் நாரைவிட, இன்றைக்கே ஆளைக் கொல்வது சீட் உடைந்து விழுவது. பாசி பிடித்த பழைய சீட் ஆள் எடையைத் தாங்காது. போல்ட் வரிசையில் மிதித்தால் போதும் என்பது தப்பான நம்பிக்கை. சீட்டின் மேல் யாரும் ஏறவே வேண்டாத வழியைத் தேடுங்கள்: கீழே தரை சமமாக இருந்தால் பூம் லிஃப்ட், இல்லையென்றால் உள்ளே சாரம். வேறு வழியே இல்லையென்றால் குறைந்தது 600 மி.மீ. அகல நடைபலகை, சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்கள் இரண்டு மூன்றின் மேல் படிந்திருக்க வேண்டும், கீழே வலை, முழு உடல் ஹார்னஸின் இரட்டைக் கொக்கி டிரஸ்ஸில் கட்டிய கம்பியில்.

கட்டடத்தைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்குத் தரையில் 800 கேஜ் பாலித்தீன் விரியுங்கள். கடையில் கேஜ் கணக்கில்தான் விற்பார்கள்: 800 கேஜ் என்றால் 200 மைக்ரான். பத்து மீட்டர் தள்ளித் தடுப்பு. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் மட்டும் போதாது, இந்தியிலும் வேண்டும். வேலைக்கு வரும் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள்.

வெறும் தண்ணீர் நாரின் மேல் முத்தாக உருளும், உள்ளே ஊறாது. பூச்சிமருந்தோடு கலக்கும் ஒட்டுத்திரவம் எல்லா உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 1 மில்லி கலந்து, மருந்தடிக்காத புது 16 லிட்டர் தெளிப்பானில் பனிபோல அடியுங்கள். பீச்சி அடித்தால் தூசி தெறிக்கும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது, சீட்டின் மேல்தோலை உரித்து நாரைச் சேற்றோடு தெரு முழுக்க அனுப்பிவிடும். பலகையில் ஆள் நிற்கும்போது அந்தப் பகுதியை நனைக்காதீர்கள், வழுக்கும். லிஃப்டிலிருந்தோ கீழிருந்தோ அடிப்பதே முறை.

சீட்டை 8 மி.மீ. ஜே போல்ட்டுகள் பிடித்திருக்கும். துருவேறி நட்டு கழலாது என்பதால் எல்லோரும் கிரைண்டரைத் தேடுவார்கள். வேண்டாம்: கிரைண்டர் போல்ட்டோடு சீட்டையும் தேய்த்துத் தூளாக்கும். போல்ட் தலையைச் சுற்றிக் கிரீஸ் அப்பி, 30 அங்குல போல்ட் கட்டரால் வெட்டுங்கள். முகட்டு சீட் முதலில், பிறகு மேல் வரிசை, கடைசியில் இறவாணம். மேல் சீட் கீழ் சீட்டின் மேல் 150 மி.மீ. ஏறியிருப்பதால் கீழிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றும் விளிம்பு உடையும். வரிசைக்குள்ளும் அப்படித்தான்: இரு ஓரமும் மேலே தெரிகிற சீட் கடைசியாகப் போட்டது, அதிலிருந்து பிரியுங்கள்.

3 மீட்டர் சீட் சுமார் 40 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். இரண்டு பேர் தூக்கி லிஃப்ட் தட்டில் படுக்கவைத்து இறக்க வேண்டும். சறுக்கிவிடுவதோ போடுவதோ கூடாது. அடிப்பக்கத்தையும் நனையுங்கள், அங்கேதான் பல வருடத்துப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். ஆறு பேர் கொண்ட குழு ஒரு காலைக்கு 30 சீட் இறக்கினால் போதும் என்று திட்டமிடுங்கள். 30க்கு 60 மீட்டர் ஷெட் என்றால் அறுநூறு சீட்டுக்கு மேல், எடை 25 டன் அளவில். மூன்று வாரத்துக்குக் குறைத்து யாராவது ஒப்புக்கொண்டால் அவர் உடைக்கப்போகிறார் என்று பொருள்.

முழுசாக இறங்கிய சீட்டைக் கண்டால் மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

பாய்லர் அறை

இங்கே கூடாரம் கட்டாமல் வேலை இல்லை. பாய்லர் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சாரக் குழாயில் சட்டம் கட்டி இரட்டை பாலித்தீன் போர்த்தி, தரையிலும் இரட்டை விரித்து, ஓரங்களைச் சுவரில் ஏற்றி ஒட்டுங்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய காற்றிழுப்பான் உள்ளிருந்து வெளியே இழுக்க வேண்டும். அமெரிக்க விதி மணிக்கு 4 முறை காற்று மாறச் சொல்கிறது, 8 வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு எளிது: 6க்கு 8 மீட்டர், 5 மீட்டர் உயரம் என்றால் 240 கன மீட்டர். எட்டால் பெருக்கினால் மணிக்கு 1,920 கன மீட்டர் இழுக்கும் பொறி வேண்டும். அழுத்த வித்தியாசம் குறைந்தது 5 பாஸ்கல். பாலித்தீன் சுவர் உள்பக்கம் லேசாகக் குழிந்து நிற்பதே அதற்கு அடையாளம். தொய்ந்தால் எங்கோ கிழிந்திருக்கிறது. தொடங்குமுன் உள்ளே புகைக்குச்சி கொளுத்தி, வெளியே புகை கசிகிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

லேக்கிங்கில் வெளியே தெளித்தால் மேலே ஒரு விரற்கடைதான் நனையும். ஊசிக்குழல் குத்தி உள்ளே திரவத்தை மெதுவாக ஏற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்ததும் கைக்கரண்டியால் எடுத்து, தரையில் விழவிடாமல் நேரே பைக்குள் போடுங்கள். தண்ணீர் சொட்டினால் அதிகம், தூள் உதிர்ந்தால் குறைவு. சிறிய குழாய்களை உரிக்கவே வேண்டாம்: லேக்கிங்கோடு சேர்த்து இரட்டை பாலித்தீன் சுற்றி, லேக்கிங் இல்லாத ஃபிளேஞ்சில் கழற்றி முழுசாக அனுப்பலாம். போகிற இரும்பின் விலையைவிட மிச்சமாகும் நேரம் பெரிது.

துடைப்பம், வீட்டு வேக்குவம், காற்றுக் கம்ப்ரெஸர் மூன்றும் இந்த அறைக்கு ஆகாது. ஹெப்பா வேக்குவமும் ஈரத்துணியும்தான். வேலை முடிந்து கண்ணால் பார்க்கும் சோதனை முதலில். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் எஞ்சிய தூசி நிழலாகத் தெரியும். அது தேறினால்தான் காற்றுச் சோதனை: ஒரு மில்லி லிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே வந்தால் கூடாரத்தைப் பிரிக்கலாம்.

வெளியேறும் வழி மூன்று அறை: அழுக்கறை, குளியல், சுத்த அறை. அழுக்கறையில் உடுப்பை ஈரத்துணியால் துடைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டிக் களைந்து பையில் போடுங்கள். முகமூடி மட்டும் முகத்திலேயே இருக்கட்டும். ஷவரின் கீழே தலை நனைந்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். எல்லோரும் செய்யும் தப்பு இந்த வரிசையில்தான்: மூச்சு முட்டுகிறதென்று முதலில் முகமூடி, பிறகு உடுப்பு. குளித்த தண்ணீர் 5 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டியே சாக்கடைக்குப் போகலாம்.

பொட்டலம், லாரி, எல்லை

சீட்டைப் பைக்கு ஏற்ப உடைக்காதீர்கள், சீட்டுக்கு ஏற்பப் பாலித்தீனை வெட்டுங்கள். மரப் பாலட்டில் அடுக்கி, இரட்டை 800 கேஜ் சுற்றி, எல்லா மடிப்பிலும் டேப். லேக்கிங் பைகளைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், கழுத்தை முறுக்கி மடித்து டேப் சுற்றி, இரண்டாவது பையில் போடுங்கள். அபாயகரக் கழிவுக்கான படிவம் 8 லேபிள் ஒவ்வொன்றிலும். பூட்டிய, கூரையுள்ள இடத்தில் 90 நாள் வரை வைக்கலாம்.

எல்லைக்காரர்கள் சறுக்குவது இனிமேல்தான். ஆலை எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அங்கே பிறந்த கழிவு அது. கஞ்சிக்கோட்டுக் கழிவு கொச்சி அம்பலமேட்டிலுள்ள நிலப்புதைப்பு நிலையத்துக்கும், வாளையாருக்குக் கிழக்கே உள்ளது தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி போன்ற நிலையத்துக்கும் போவதே நேர்வழி. எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையம் வசதி என்று தோன்றினால், 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி இறுதி அகற்றலுக்கு இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடமும் தடையின்மைச் சான்று வாங்கிய பிறகே லாரி சோதனைச்சாவடியைத் தாண்டலாம். கழிவு எண்ணெய் போல மறுசுழற்சிக்குப் போவதற்கு இரு வாரியங்களுக்கும் முன்கூட்டித் தகவல் கொடுத்தால் போதும். இரண்டையும் ஒரே லாரியில், ஒரே தாளில் ஏற்ற முயல்வதுதான் வாளையாரில் வண்டி நிற்பதற்குக் காரணம்.

லாரியோடு போவது படிவம் 10, ஏழு படி (நகல்), ஏழு நிறம். வெள்ளைப் படி உங்கள் வாரியத்துக்கு, ஓட்டுநர் கையெழுத்திட்ட மஞ்சள் உங்கள் கோப்புக்கு. கழிவு எல்லை தாண்டினால் பெறுகிறவர் சாம்பல் நிறப் படியை உங்கள் மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். நீலப் படி உங்களுக்கே திரும்பி வரும். அதிலுள்ள எடையையும் மஞ்சளில் உள்ள எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீலம் வந்து சேரும்வரை லாரிக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.